புது ஓஎஸ் ஏறும் நேரம்

வெள்ளைக் கோடு பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. கருத்த திரையின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, அதன் கீழே இன்னும் இருபத்தொன்பது நிமிடம் என்று ஆங்கிலத்தில் ஒரு பொய். பூங்கோதை சமையற்கட்டுக்குப் போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தபோதும் இருபத்தொன்பதுதான், குக்கர் விசில் அடித்து அடங்கிய பிறகும் இருபத்தொன்பதுதான். நிற்கட்டும், நின்று தொலையட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வீல்சேரில் தட்சிணாமூர்த்தி அவளுடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே அது தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஆளோடு குடும்பம் நடத்தினால் முதுகுக்கும் கண் முளைத்துவிடுகிறது. பார்க்கட்டும். நல்லா பாருங்க, உங்க மேஜை, உங்க கம்ப்யூட்டர், உங்க நாற்காலி, எல்லாத்துலயும் நான்தான் உட்கார்ந்திருக்கேன், எழுந்து வந்து தடுங்க பாப்போம். ஜன்னலுக்கு வெளியே கே.கே. நகரின் வெயில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டு அறைக்குள் எகிறி விழுந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டக்’ என்றது. அதையும் அவர்தான் சரி பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். எப்போது? அப்புறம். எல்லாமே அப்புறம். போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒரே அடியாகக் கொண்டுபோனபோது, இத்தனை வருஷம் அந்த வாயில் புழங்கிய அத்தனை சொல்லிலும் அது மிச்சம் வைத்துவிட்டுப் போனது அந்த ஒன்றைத்தான். பசிக்கிறதா என்றால் அப்புறம். வலிக்கிறதா என்றால் அப்புறம். மதுமிதா பூனாவிலிருந்து வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவளைப் பார்த்து ‘அப்புறம், அப்புறம், அப்புறம்’ என்றார், மகள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். பூங்கோதைக்கு மட்டும்தான் தெரியும், அது ஆறுதலும் இல்லை ஒன்றும் இல்லை, தேய்ந்துபோன பழைய பழக்கம்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் வாங்கி வந்தது மதுமிதா காலேஜில் சேர்ந்த வருஷம். திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த வெள்ளி நிறச் சாமான். வந்த அன்றைக்கே அதற்குத் துணியில் ஓர் உறை தைக்கச் சொன்னார், தைத்துக் கொடுத்தவள் இவள், மாட்டப் போனபோது, ‘நீ தொடாத, கையெல்லாம் எண்ணெயா இருக்கும்’ என்றார். கையில் எண்ணெய் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, தலைக்குக் குளித்து, கையை மோந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிலாக இத்தனை வருஷம் அந்தச் சோப்பு வாசனையைச் சுமந்துகொண்டு திரிந்தாள். கம்ப்யூட்டரில் அவர் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பாட்டுகளை ஏற்றி, வருஷ வாரியாக அடுக்கி வைத்தார், மின்வாரியத்தில் தான் கட்டிய துணைமின் நிலையங்களின் படங்களை ஊர் வாரியாக அடுக்கி வைத்தார், இவள் காப்பி கொண்டுபோய் வைத்தால் திரையை லேசாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று முதலில் மகள் பெயரைப் போட்டுப் பார்த்தாள், இல்லை. வெட்கத்தை விட்டுத் தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள், இல்லை. அப்புறம் அவர் பெயரையும் அவர் பிறந்த வருஷத்தையும் சேர்த்துப் போட்டாள், கதவு மாதிரித் திறந்துகொண்டது. தட்சிணாமூர்த்திக்கு தட்சிணாமூர்த்தியே சாவி. அன்றைக்குச் சிரித்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கோடு அசைந்ததா? இல்லை, கண் கூசுகிறது. இந்த மாடலுக்கு இனிமேல் புது ஓஎஸ் கிடையாது என்று கம்பெனிக்காரன் எப்போதோ கையைக் கழுவிவிட்டான். போன வாரம் நேர்வழியில் போட்டுப் பார்த்தபோது, இந்தக் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது, நடுவில் ‘ஓகே’ என்று ஒரே ஒரு பட்டன். சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியே வைக்காத அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் ஏறியது. உன்னை யார் கேட்டது? பொருந்துமா பொருந்தாதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். தில்லை நகர் கடைக்காரர், ‘மேடம், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க’ என்றார். மதுமிதாவும் அதையேதான் சொன்னாள், ‘நான் புதுசு அனுப்புறேன்மா, எதுக்கு அதோட மல்லுக்கட்டுற?’ வேண்டாம் என்றாள் பூங்கோதை. பழைய மிஷின்களில் புதுசை ஏற்றுவதற்கென்று எங்கெங்கோ இருக்கும் நாலு பேர் சும்மாவே எழுதி வைத்திருக்கிற ஒட்டுவேலைப் புரோகிராமைப் பற்றி மத்தியான வேளைகளில் போனில் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டாள், பென்டிரைவில் ஏற்றினாள், இன்று காலை அவரைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே பழையதை அழித்தாள். அழிக்கட்டுமா என்று அது கேட்டது. அழி. நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக. பின்னால் வீல்சேர் கிறீச்சிட்டது, ‘அப்புறம்! அப்புறம்!’ என்று அவர் இடது கையால் கைப்பிடியை அடித்தார். ‘அப்புறமெல்லாம் கிடையாது’ என்றாள் திரும்பாமல். எல்லாவற்றையும் முதல் நாளே வேறொரு ஹார்டுடிஸ்கில் எடுத்து உளுந்து டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். பாட்டும் பத்திரம், துணைமின் நிலையமும் பத்திரம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைக் காலையிலிருந்து கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், மிட்டாயை ஒளித்துவைத்த குழந்தை மாதிரி, இல்லை, அவ்வளவு நல்லதாக ஒன்றும் இல்லை, அது வன்மம், வன்மத்துக்கு எதற்கு மிட்டாய் என்று பெயர்.

இதெல்லாம் யாருக்காக? அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷெரின், சென்னையில் இருக்கிற சின்னப் பெண், வீடியோவில் அவரைப் பார்த்துவிட்டு, ‘ஆன்ட்டி, அங்கிளுக்குப் புரியுது, எல்லாமே புரியுது, வார்த்தை வர்ற வழிதான் அடைச்சிருக்கு’ என்றாள். தமிழிலேயே பயிற்சி கொடுக்கிற ஆப் ஒன்று வந்திருக்கிறதாம், தினமும் செய்தால் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிடலாமாம். போனில் வேண்டாம், வலது பக்கப் பார்வை கம்மியானதால் சின்னப் படம் அவருக்குத் தெரியாது, பெரிய திரை வேண்டும், புது ஓஎஸ் வேண்டும். ஆக இந்தக் கோடு அந்த ஓரத்தைத் தொட்டால் ஏறப் போவது ஓஎஸ் இல்லை. இந்த மனுஷனுடைய வாய். ஷெரின் அதைச் சொன்ன அன்றைக்கு பூங்கோதை, ‘ரொம்ப சந்தோஷம்மா’ என்றாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எல்லாமே புரியுது என்றாளே. எல்லாமேயா? இந்த ஒன்றரை வருஷமாக அவள் சொன்னதெல்லாமா? சுவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதானே சொன்னாள். சட்டையை மாட்டிவிடும்போது, மூத்திரத் துணியை மாற்றும்போது, சாதத்தைப் பிசைந்து வாயில் வைக்கும்போது, முப்பத்திரண்டு வருஷத்துக் கணக்கையும் ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் காதில் போட்டாளே. பதில் வராது என்கிற தைரியம். பதில் வராத புருஷன் எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். புதுக்கோட்டைப் பள்ளிக்கூட விஷயத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அங்கே தலைமையாசிரியை வேலைக்கு, டீச்சர் வேலை பார்த்திருந்த அவளைக் கேட்டு போன் வந்தது, மதுமிதா அப்போது எட்டாவது. இவள் தோசைக் கரண்டியோடு சமையற்கட்டு வாசலில் நின்றாள், ரிசீவரை எடுத்தது அவர். ‘அவங்களுக்கு அதுல இஷ்டம் இல்லைங்க’ என்றார். அவ்வளவு மரியாதையாக. அவங்களுக்கு. நின்றுகொண்டிருக்கிறாள், கரண்டி கையில் இருக்கிறது, மாவு சொட்டுகிறது, அவளுக்கு இஷ்டம் இல்லை என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். இப்போது யாராவது பார்க்க வந்து, நான் காப்பி கலக்கிறேன் என்று எழுந்தால் இவள் சொல்கிறாள், ‘அவருக்குக் காப்பியில சர்க்கரை வேண்டாங்க.’ அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. வந்தவர்கள் கொடுக்கிற அந்தக் கசப்புக் காப்பியை அவர் முகம் கோணிக் குடிப்பதை இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு இஷ்டம் இல்லைங்க.

அதைக்கூட விடலாம். குளியலறையில் நடந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? சித்திரை வெயில், கரண்ட் இல்லை, ஸ்டூலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கால் வழுக்கி முழுப் பாரமும் அவள் மேல் சரிந்தது. இடுப்பில் சுரீர் என்றது. சுவரில் சாய்த்து அவரை நிறுத்தி, மூச்சு வாங்க, முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்: ‘நீங்க அன்னைக்கே போயிருக்கலாம்.’ சொன்ன சொல் ஓடு பதித்த சுவரில் பட்டு அவளுக்கே திரும்பக் கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிதானமாக, ஆபீஸில் ஃபைலைப் புரட்டிக்கொண்டே பியூனுக்குச் சொல்கிற தொனியில், ‘அப்புறம்’ என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது, வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவருக்கும் தோள் குலுங்கியது. பாதி முகம் செத்துப்போனவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அதைத்தான் பேச்சு வந்ததும் முதலில் சொல்வாரோ? மதுமிதா வருவாள், ‘அப்பா, சொல்லுப்பா’ என்பாள், இவர் வாயைத் திறப்பார், உங்க அம்மா என்னைச் சாகச் சொன்னா. நின்று போ என்று கோட்டைப் பார்த்து அவள் மனசுக்குள் சொன்னாள். இங்கேயே நின்றுவிடு. முயற்சி பண்ணினேன், பழைய மிஷின், ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் குறை சொல்ல முடியாது. கடைக்காரரே சாட்சி.

திரை அணைந்தது. ஒரு நிமிஷம் அந்தக் கருப்புக் கண்ணாடியில் அவள் முகமும், அவள் தோளுக்கு மேல் அவர் முகமும் தெரிந்தன, கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி ஒருவர் பின் ஒருவராக. அவர் கண்ணும் அவள் கண்ணும் கண்ணாடிக்குள்ளேயே சந்தித்துக்கொண்டன. இருவருமே பார்வையை எடுக்கவில்லை. அப்புறம் திரை தானாக வெளிச்சமாயிற்று, கோடு மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை நிற்காமல், வெட்கமில்லாமல் ஓடியது. மறுபடி அணைந்தது, மறுபடி ஓடியது. ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு வந்து பார்த்தபோது திரை முழுக்க ஊதாவும் நீலமுமாக ஒரு மலை நின்றது, கீழே வரிசையாகப் புதுப் பொம்மைகள். ஏறிவிட்டது. அவர் வைத்திருந்த மேட்டூர் அணைப் படம் இல்லை, ஃபோல்டர்கள் இல்லை, துடைத்துப்போட்ட தரை மாதிரி இருந்தது. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அழுதுகொண்டிருந்தார். இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கி மோவாயில் தொங்கியது. தன் அம்மா செத்தபோது அழாத ஆள், பக்கவாதத்துக்கு அழாத ஆள், நாலு கேசட் பாட்டுக்கு அழுகிறார். அவளுக்கு இரக்கம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். எரிச்சல்தான் வந்தது.

மவுஸைத் தேய்த்தால் படங்கள் விட்டுவிட்டு இழுத்தன, ஒட்டடை படிந்த மாதிரி. கீபோர்டில் சத்தம் கூட்டுகிற பட்டனைத் தட்டிப் பார்த்தாள், சத்தமே இல்லை. வைஃபையும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். பழைய மிஷினின் ஸ்பீக்கரையும் படத்தையும் புது ஓஎஸ் அடையாளம் கண்டுகொள்ளாது, கடைசியாக ஒரு ஒட்டு போட வேண்டும், போட்டால் கண்டுகொள்ளும். ரௌட்டரிலிருந்து ஒயரை இழுத்துச் சொருகி, ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அது பாக்கி இருக்கிறது என்று இந்த உலகத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்போது போன் அடித்தது, மதுமிதா.

‘ஆச்சாம்மா?’

‘ஏறிருச்சு. சத்தம்தான் வரல.’

‘அய்யோ. நான்தான் சொன்னேனே. சத்தம் இல்லாம அந்தப் பயிற்சியை எப்படிப் பண்றது?’ பின்னால் அவள் ஆபீஸின் இரைச்சல் கேட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள், ‘அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. விட்டுடேன். அப்பா இப்ப எவ்வளவு அமைதியா இருக்காரு. முன்னாடியெல்லாம் இந்த வீட்டுக்கு லீவுக்கு வரவே எனக்குப் பயமா இருக்கும். இப்பதான் உங்க ரெண்டு பேரையும் பாக்க நிம்மதியா இருக்கு. உனக்கும் நிம்மதிதானே?’

பூங்கோதை போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். நிம்மதி. அவள் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு தன்னிடமே மறைத்த அந்தச் சொல்லை மகள் எவ்வளவு லேசாக எடுத்து மேஜைமேல் வைக்கிறாள், சாவிக்கொத்தை வைக்கிற மாதிரி. அப்படியானால் எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது. இந்த மனுஷன் இப்படிக் கோணிய வாயோடு மூலையில் உட்கார்ந்திருப்பது மகளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, ஒருவேளை அவர் தம்பிக்கும் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் பிடித்திருக்கும். என் கோபம் என்னுடையது, நான் சம்பாதித்தது. அதில் இவளுக்கு ஏது நிம்மதி? இவ்வளவு சுலபமாகவா தப்பித்துப்போகப் போகிறார்? பேசி முடித்துவிட்டுப் போனார், ஆயுசு பூராவும் பேசினார். இப்போது என் முறை என்று நான் ஆரம்பித்தால் எதிரே ஆளே இல்லை. நான் ஒன்றரை வருஷமாகச் சண்டை போட்டது யாரோடு? ஒரு ‘அப்புற’த்தோடு. வாய் இல்லாதவனைத் திட்டி ஜெயித்ததெல்லாம் ஜெயிப்பா? சூடு போட்டது மாதிரி முகம் எரிந்தது. புதுக்கோட்டைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்ல வேண்டும், கேவலமான காரணமாக இருந்தாலும் அவர் வாயால் சொல்ல வேண்டும், நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். குளியலறையில் நான் சொன்னதையும் சொல்லட்டும். மகள் முன்னாலேயே சொல்லட்டும். ஆமாம், சொன்னேன் என்று நான் நிற்கிறேன்.

‘அம்மா? லைன்ல இருக்கியா?’

‘இருக்கேன். எனக்கு நிம்மதி வேண்டாம். வேலை இருக்கு, அப்புறம்…’ நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘சாயங்காலம் பேசுறேன்’ என்று வைத்தாள்.

வரவேற்பறையில் ரௌட்டருக்குப் பின்னால் சிலந்திக்கூட்டோடு தொங்கிய ஒயரைப் பிடுங்கி இழுத்து வந்து மேஜைக்கு அடியில் குனிந்து சொருகினாள். இடுப்பு வலித்தது. நிமிர்ந்தவள் அவர் பக்கம் திரும்பினாள். ‘உங்க பாட்டு, படம் எல்லாம் இருக்கு. ஒண்ணும் போகல. ஒளிச்சு வெச்சிருக்கேன்’ என்றாள். அவர் கண் விரிந்தது. ‘எங்கன்னு வாயத் தொறந்து கேளுங்க. கேட்டா எடுத்துத் தரேன். கேக்குற வரைக்கும் கிடையாது.’ அவர் இடது கை கைப்பிடியை இறுக்கியது, நரம்பு புடைத்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும், பழைய பார்வை, பொங்கலுக்கு முந்தின பார்வை. அதைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ‘ம், அப்படிப் பாருங்க’ என்றாள்.

பட்டனை அமுக்கினாள். எழுத்துகள் எறும்பு வரிசையாக மேலே ஏறின, நின்றன, ஏறின. ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது, அணைத்துப் போட்டாள். திரை வந்தபோது மலையின் நிறம் தெளிந்திருந்தது, மவுஸ் வழுக்கிக்கொண்டு போனது, தொட்டதும் ஸ்பீக்கரில் ஒரு ‘டொக்’ கேட்டது. ஷெரின் அனுப்பியதை இறக்கித் திறந்தாள். வீல்சேரை முன்னால் தள்ளி, அவருடைய நல்ல கண் பக்கத்துக்குத் திரை வருகிற மாதிரித் திருப்பி, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தோளும் தோளும் உரசின. தைலமும் பவுடருமாக அவர் வாசனை வந்தது. திரையில் ஒரு பெரிய மரம் வந்து நின்றது, வேறொன்றும் இல்லை, பச்சையாக ஒரு மரம். ‘இது என்ன?’ என்றது யாரோ ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல், கனிவாக, அவசரமே இல்லாமல். அவர் மரத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. ‘அப்…’ என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் அவருக்கே அது கேட்டது போலிருந்தது, சட்டென்று வாயை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார், கோபமாக, வேலையைத் தப்பாகச் செய்த ஆளைப் பார்த்து ஆட்டுவது போல. அந்தச் சொல்லை அவர் வேண்டாமென்று தள்ளுவதை பூங்கோதை இதுவரை பார்த்ததில்லை. ‘இது என்ன?’ என்றது குரல் மறுபடி. அவர் கழுத்து நரம்பு எழுந்தது, காது சிவந்தது, உதடுகள் ஒன்றையொன்று தேடித் தேடி, இடது பக்கம் மட்டும் ஒட்டின. ‘ம்…’ என்றார். வலது பக்கத்தில் எச்சில் வழிந்தது. துடைக்க அவள் கை போகவில்லை. ‘ம்… ம்…’ தன்னுடைய உதடுகளும் ஒட்டிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள், தொண்டை வரை ஒரு சொல் வந்து நின்றது, இன்னும் ஒரு நொடி விட்டால் அவள் வாயே அதைச் சொல்லிவிடும், அவருக்காக, எப்போதும்போல. குரல் மூன்றாம் தடவை கேட்டது. பூங்கோதை முந்தானையைச் சுருட்டித் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அவர் வாயையே முறைத்துப் பார்த்தபடி காத்திருந்தாள்.